நரம்பு சேராத வாழை இலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் வந்து என் முன்னால் ஒரு தாளை விரித்தார். வாழை இலைப் படம் அச்சடித்த தாள். மேலே பளபளவென்று மெழுகுப் பூச்சு, தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளை.

"எல இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இதான் எல, பாஸ். கழுவ வேணாம், கிழியாது. ஈசிலா" என்றார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சடித்த மேசைவிரிப்பு, திரைச்சீலை, லிஃப்டின் மரச் சுவர், எதைப் பார்த்தாலும் அதில் ஒரே வடிவம் திரும்ப வரும் இடத்தைத் தேடுவேன். பல் டாக்டர், விருந்துக்குப் போன இடத்திலும் பற்களைத்தான் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி. சோறு வருவதற்குள் நகத்தால் அந்தத் தாளைத் தடவிக்கொண்டே போனேன். வலப்பக்கம், மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இடத்தில், நகம் நின்றுவிட்டது. நடுத்தண்டிலிருந்து மேலே போகும் நரம்புகள் அந்த இடத்தில் ஒரு நூல் அளவு விலகி மறுபடி தொடங்கின. உலகத்தில் எந்த வாழை மரமும் அப்படி இலை விடாது. அப்படி ஒரு இலையைச் செய்தவன் நான் ஒருவன்தான்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

இதே பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைகளுக்கு மேலே மாடியில், நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இணையதள வடிவமைப்பு நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றால் மூன்று மேசை, ஒரு ஸ்கேனர், ரவி என்ற முதலாளி. படிக்கட்டு முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். மேலே வந்தால் ஸ்கேனர் சூடான வாசம். இரண்டும் கலந்த ஒரு மணம் இருக்கிறதே, இன்றைக்கும் கோயிலில் பூக்கூடை பக்கத்தில் நின்றால் எனக்கு ஏதோ வேலை பாக்கி இருப்பதுபோல் பதறுகிறது.

அது டெக்ஸ்சர் காலம். கண்ணால் பார்த்தாலே கையால் தொட்ட உணர்வு வரவேண்டும். திரையில் இருப்பது மரமாக, கல்லாக, துணியாக, தோலாகத் தெரியவேண்டும். எனக்கு அதில் பைத்தியம் என்றே சொல்லலாம். வழக்கறிஞர் ஒருவருக்குச் செய்த தளத்தில் பின்னணி முழுக்கத் தோல் போட்டேன். அந்தத் தோல் ரவியின் இடுப்பு பெல்ட். நான் ஸ்கேன் செய்து முடிக்கும்வரை அவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாடிக்கையாளரிடம் போன் பேசிக்கொண்டிருந்தார். கோயில் ஒன்றுக்குக் கருங்கல் போட்டேன். கருங்கல் மேல் கறுப்பு எழுத்து. திருவிழாத் தேதியை யாராலும் படிக்க முடியவில்லை. கோயில் செயலாளர் வந்து திரையில் மூக்கு படும்படி குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, கல்வெட்டு படிக்கிறவங்களத்தான் கூப்பிடணும் போலிருக்கு" என்றார். அந்தக் கருங்கல்லும் என்னுடையது அல்ல. வேறு யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்தது. இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு எனக்குக் கோபப்படும் உரிமை வேண்டாம்.

அப்படிப்பட்ட நாளில்தான் மல்லிகா அக்கா மாடியேறி வந்தார். பண்டமாரானில் வீடு, கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுநர். கையில் ஒரு தூக்குச்சட்டி. வணக்கம் சொல்வதற்கு முன்பே அதைத் திறந்து மேசைமேல் வைத்தார். முருங்கைக்காய் சாம்பார். அன்றைக்கு மதியம் நாங்கள் சாப்பிடக் கீழே கடைக்குப் போகவில்லை.

அக்காவின் பிரச்சினை இதுதான். சில வருடங்களுக்கு முன் அடுத்த வீட்டில் ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா உதவியாகச் சமைத்துக் கொடுத்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் சாம்பாரைப் பற்றியே பேசினார்கள். அடுத்த தெருவில் காரியம் என்றால் அக்காவைக் கூப்பிட்டார்கள். அப்புறம் அதற்கடுத்த தெரு. இப்படியே போய், பண்டமாரானில் மல்லிகா அக்கா என்றாலே கருமாதிச் சமையல் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட நினைப்பவர்களும், "அவங்க அந்த வீட்டுச் சமையலுக்கு வர்றவங்களாச்சே" என்று தயங்கினார்கள்.

"சாவு வீட்டுல யாரும் 'போயிட்டு வரேன்'னு சொல்ல மாட்டாங்க தம்பி. சாப்பிடுவாங்க, தலைய குனிஞ்சுகிட்டுக் கெளம்பிருவாங்க. நான் போட்ட சோத்த தின்னுட்டு சிரிச்சுகிட்டே கைகழுவுற ஆளுங்கள நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு கல்யாணம் வர்ற மாதிரி வெப்சைட்டு செஞ்சு குடுங்க. அது போதும்" என்றார்.

ரவி என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குச்சட்டியை மூடி வைத்திருந்த வாழை இலைத் துண்டு மேசைமேல் ஈரமாகக் கிடந்தது. அதன் பச்சையும் வரிவரியான நரம்பும் மெல்லிய பளபளப்பும். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் கீழே பூக்கடையில் சொல்லி முழு நீளத் தலைவாழை இலை ஒன்று வாங்கினேன். அங்கேதான் சிக்கல். ஸ்கேனர் ஒரு தாள் அளவுதான்; இலையோ என் கை நீளம். ஆறு துண்டாக ஸ்கேன் செய்து கணினியில் ஒட்டினேன். முதல் நான்கும் ஒட்டியது தெரியாமல் சேர்ந்தன. ஐந்தாவது துண்டு எடுக்கும்போது ரவி மூடியை அழுத்திப் பிடிக்கிறேன் என்று உதவிக்கு வந்தார். இலை நகர்ந்துவிட்டது. அந்த இடத்தில் நரம்புகள் ஒரு நூல் விலகின. திரும்ப ஸ்கேன் செய்யலாம் என்றால் சூட்டில் இலை வதங்கிவிட்டது. "யாருக்குடா தெரியப்போவுது?" என்றார் ரவி. எனக்குத் தெரிந்தது. இன்றுவரை தெரிகிறது.

அந்தத் தளம் நான் செய்ததிலேயே அழகானது. இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். திரை முழுக்க இலை. இலையில் எந்தப் பதார்த்தம் எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தில் ஒரு பொத்தான். ஊறுகாயைத் தொட்டால் அக்காவைப் பற்றி, கூட்டைத் தொட்டால் சைவ வகைகள், அப்பளத்தைத் தொட்டால் விலைப்பட்டியல். அப்பளம் 'நொறுக்' என்று சத்தத்தோடு உடையும். அந்தச் சத்தத்துக்காக ரவியும் நானும் இரண்டு பாக்கெட் அப்பளத்தை ஒலிவாங்கி முன்னால் உடைத்தோம். கோயில் கருங்கல்லில் பட்ட அடியை மறக்காமல், எழுத்து வரும் இடங்களில் மட்டும் நரம்புகளை மங்கலாக்கி, வெள்ளைச் சோற்றின் மேல் எழுத்தைப் போட்டேன். சோறு அதற்கு மிகவும் தோதான பொருள். கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்று வரும். இலை தானாக மடியும். மடிந்த இடத்தில் அக்காவின் தொலைபேசி எண் தெரியும்.

இலையின் நுனி இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா? மூன்று பேரிடம் கேட்டேன். பூக்கடைக்காரரை மாடிக்குக் கூட்டிவந்து திரையைக் காட்டி உறுதி செய்தேன். இப்படி வாசலைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். பின்கதவைத்தான் மறந்துவிட்டேன்.

தளம் தயாரானதும் அக்கா வந்து பார்த்தார். இணையம் அப்போது தொலைபேசி வழியாக வரும், ஆமை வேகம். இலை மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வந்தது. அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். குக்கர் விசிலுக்குக் காத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு நேரமா? முழு இலையும் வந்ததும் விரலை நீட்டித் திரையைத் தொட்டார். "ஐயோ, ஈரமா இருக்குற மாதிரியே இருக்கே!" என்றார். என் வாழ்க்கையில் வாங்கிய பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. திரையில் அவர் விரலின் எண்ணெய்த் தடம் ஒரு வாரம் இருந்தது, நான் துடைக்கவில்லை. அப்புறம் அக்கா அப்பளத்தை உடைத்தார். மறுபடி உடைத்தார். இருபது முறையாவது உடைத்திருப்பார். கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். கடைசிப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. வீட்டில் கணினியும் கிடையாது.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார்.

"தம்பி, வெப்சைட்டு நல்லா வேல செய்யுது."

"அப்படியாக்கா! ஆர்டர் வருதா?"

"வருது. முன்னாடி பண்டமாரான்ல செத்தவங்களுக்கு மட்டும்தான் சமைச்சேன். இப்ப அம்பாங் வரைக்கும் சாவு வருது."

நாலு அழைப்பு வந்திருக்கிறது, நாலும் காரியத்துக்கு. எல்லாரும் வெப்சைட்டில் பார்த்தோம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய அடி ஐந்தாவது அழைப்பு. சுபாங் ஜெயாவில் ஒரு பெண்ணின் கல்யாணம். பெண்ணின் அம்மா அக்காவின் சாம்பாரை எங்கோ சாப்பிட்டிருக்கிறார், ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். உறவினர்களுக்குக் காட்டலாம் என்று தளத்தைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை போயிருக்கிறார். உடனே அக்காவுக்குப் போன் செய்து, "சமையல்ல ஒண்ணும் கொற இல்லம்மா. ஆனா எலைய அப்படி மடிச்சு வச்சிருக்கீங்களே, எப்படிம்மா கல்யாணத்துக்குக் கூப்பிடுறது?" என்று சொல்லிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். இலை மடிந்தது. கீழ்ப்பாதி எழும்பி, மேல்நோக்கிப் போய், எதிர்ப்பக்கம் சாய்ந்து படுத்தது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விருந்து சாப்பிட்டால் இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடிக்கவேண்டும். வயிறு நிறைந்தது, உறவு தொடரட்டும், மறுபடி வருவோம் என்று அர்த்தம். துக்க வீட்டில்தான் நம்மைவிட்டு எதிர்ப்பக்கமாக மடிப்பது. இந்த வீட்டில் இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. எங்கள் ஊர்களில் சின்னப் பிள்ளைகூட இதைத் தவறவிடாது. நானும் வாரத்துக்கு நாலு நாள் கீழே கடையில் இலை போட்டுச் சாப்பிட்டு, சரியாகத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. ஆனால் தளம் செய்யும்போது எனக்குத் திரை என்பது சுவர் மாதிரி எதிரே நிற்கும் ஒன்று. போன் நம்பர் கீழே வரவேண்டும், அதனால் கீழ்ப்பாதியைத் தூக்கினேன். அவ்வளவுதான் யோசித்தேன். ஒரு நல்ல மனுஷியை, தப்பித்து ஓடி வந்த இடத்துக்கே நான் பிடித்து அனுப்பிவைத்திருக்கிறேன். வெறும் பச்சை நிறம் அடித்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். ஈரம் தெரிகிற அளவுக்கு நிஜ இலையாகச் செய்து வைத்தேன். ஜனங்கள் அதன் முன்னால் நிஜ இலைக்கு முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "பரவால்ல தம்பி, என் ராசி அப்படி" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரவி அந்தக் குறையை நிவர்த்தி செய்து, இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினார். "நுனிக்கு மூணு பேர கேட்டியே, மடிப்புக்கு ஒருத்தன கேட்டியாடா? நானும் பாத்தேன்லா, என் புத்தி எங்க போச்சு?" என்று பாதியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

மடிப்பைத் திருப்பிப் போடுவது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மேல்பாதி நம் பக்கம் வந்து விழும்போது இலையின் பின்புறம் தெரியுமே! நான் முன்புறத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்திருந்தேன். வாழை இலையின் முதுகை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல் ஒரு மாவு படிந்து, தண்டு புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் மடிப்பில் முன்புறத்தையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றியிருந்தேன்; இனி அப்படி ஏமாற்ற முடியாது. மறுநாள் காலையில் அக்கா பண்டமாரானிலிருந்து ஒரு கட்டு இலையோடு வந்தார். நாங்கள் மூவரும் அதைக் கவிழ்த்துப் போட்டு ஸ்கேன் செய்தோம். இந்த முறை மூடியை அக்கா பிடித்தார். இலை ஒரு மயிரிழை நகரவில்லை. இட்லித் தட்டைப் பிடித்த கை.

சரிசெய்த தளத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்க, அக்காவும் நானும் சுபாங் ஜெயாவுக்குப் போனோம். நான் ரவியின் மடிக்கணினியைச் சுமந்தேன். அக்கா சாப்பாடு நிறைந்த தூக்குச்சட்டிகளையும் மிச்சமிருந்த இலையையும் சுமந்தார். வழி முழுக்க நான் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். டெக்ஸ்சர், மென்பொருள், திரையின் கோணம் என்று ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது.

கதவைத் திறந்தது கல்யாணப் பெண்ணின் அம்மா. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடம். அக்கா ஒன்றுமே விளக்கவில்லை. "மத்தியானம் ஆயிருச்சே, சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?" என்றார். பத்து நிமிடத்தில் சாப்பாட்டு மேசையில் இலை விரிந்தது. நுனி இடப்பக்கம். அந்த அம்மாள் முதலில் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். பிறகு ரசம் கேட்டார். நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரோரம் நின்றார். அவர் கண் அந்த அம்மாளின் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. நானும் கையைத்தான் பார்த்தேன்.

மோர்ச்சோறு முடிந்தது. அந்த அம்மாள் விரல்களை நக்கினார். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தார். பிடித்து, மெதுவாக, தன் பக்கமாக இழுத்து மடித்தார்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொன்னார், நாங்களும் அப்படியே நம்பினோம். அந்த அம்மாள் எழுந்து, சிரித்துக்கொண்டே கைகழுவப் போனார். மடிக்கணினியை யாரும் திறக்கச் சொல்லவில்லை. அதை அப்படியே சுமந்துகொண்டு திரும்பி வந்தேன்.

அந்தக் கல்யாணம் நடந்தது. கிள்ளானில் ஒரு மண்டபம். அக்கா கைகழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரிக்கிறவர்களை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. காரியம் என்று கூப்பிட்டாலும் மறுக்காமல் போனார். "அவங்களுக்கும் பசிக்கும்தானே" என்பார்.

இப்போது அதில் எதுவும் இல்லை. அந்த அசையும் இலையைத் திறக்கக்கூடிய உலாவியே இல்லை. மாடி அலுவலகம் இருந்த இடத்தில் தங்கும் விடுதி. ரவி மகனோடு வெளிநாடு போய்விட்டார், பெல்ட்டோடுதான் போயிருப்பார் என்று நம்புகிறேன். நான் சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் எழுத்து வைப்பது என் வேலை. மரம் கிடையாது, கல் கிடையாது, துணி கிடையாது. பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, சீக்கிரம் திறக்கிறது, யாரும் விரலை நீட்டி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை.

என் இலை மட்டும் எப்படியோ தப்பித்து, யார் யார் கையிலோ மாறி, இந்தக் கடையின் தாளில் வந்து படுத்திருக்கிறது. திருடிவிட்டார்கள் என்று கோபம் வரவில்லை. கருங்கல் ஞாபகம் வந்தது. சாம்பார் விலகிய நரம்பின் மேல் ஓடிப் பரவியது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அம்பாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். சமையலை விட்டுவிட்டார், காதும் கொஞ்சம் மந்தம்.

"அக்கா! நம்ம எலைய பாத்தேன்க்கா! ஸ்கேன் பண்ணோமே, அந்த எல! இங்க தாள்ல அடிச்சு வச்சிருக்காங்க. இப்ப அதுலதான் சாப்பிட்டேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. அக்கா வெகுநேரம் சிரித்தார்.

"சாம்பார் எப்படி இருந்துச்சு?"

"உங்களுது மாதிரி இல்லக்கா."

"அது கெடக்கட்டும். எலைய எந்தப் பக்கம் மடிச்சே?"

நான் திரும்பி என் மேசையைப் பார்த்தேன். பரிமாறியவர் தாளை எச்சிலோடு ஒரே சுருட்டாகச் சுருட்டிக் கறுப்புப் பையில் போட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்தேன். சாப்பிட்டவர்கள் எல்லாரும் தாளை விரித்தபடியே போட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நானும்தான் அப்படி எழுந்து வந்திருந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்யும் என்று சொன்னேனே, அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை.

"நம்ம பக்கமாதான்க்கா" என்றேன்.

"ஹாங், அப்ப சரி" என்று நிம்மதியாகப் போனை வைத்தார்.